இந்த உடை எங்கே திறக்கும்?

திரைத்துறையின் உடைப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். திரையில் பெயர் வருகிற டிசைனர் நான் இல்லை. டிசைனர் வரைந்து தருவதை அளவெடுத்து, வெட்டி, தைத்து, நடிப்பவரின் உடம்பில் உட்காரவைக்கிற ஆள். எந்த வரைபடம் கைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது, இது எங்கே திறக்கும் என்பதைத்தான். சட்டைக்கும் சுடிதாருக்கும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைகள் குடிக்கும் பானம் ஒன்றின் விளம்பரப் படத்துக்காக ‘சூப்பர் ஹீரோயின்’ என்று தலைப்பிட்ட வரைபடம் வந்தபோது, அதில் இதற்குப் பதில் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கருநீலத்தில் ஒரே வழவழப்பு. தையல் இல்லை, ஜிப் இல்லை, ஒரு கொக்கிகூட இல்லை. இடுப்பு கழுத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

படக்கதை வரைகிறவருக்கு அந்தக் கவலை தேவையும் இல்லை. அமெரிக்கப் படக்கதைகளின் தொடக்க காலத்தில், மலிவான தாளில் நான்கு மைகளைக் கொண்டு அச்சிட்ட அந்த நாட்களில், உடம்பின் கோட்டை வரைந்து உள்ளே வண்ணத்தை நிரப்பிவிட்டால் உடை முடிந்துவிடும். சர்க்கஸில் பளு தூக்குகிறவர்களும் பார் விளையாடுகிறவர்களும் அணிந்த இறுக்கமான உடைதான் அதற்கு முன்மாதிரி. உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் எழுத, எச். ஜி. பீட்டர் வரைய, 1941இன் கடைசியில் முதன்முதலாக அச்சில் வந்த வொண்டர் வுமன், மார்பில் கழுகுச் சின்னத்தோடும் நட்சத்திரங்கள் பதித்த நீலப் பாவாடையோடும் வந்தாள். தோள்பட்டி இல்லாத அந்த மேலுடை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ற கேள்வி தாளில் எழுவதில்லை. 1975இல் தொலைக்காட்சித் தொடருக்காக லிண்டா கார்ட்டர் அதை அணிய வேண்டியிருந்தபோது, உடைகளை வடிவமைத்த டான்ஃபெல்டுக்கு அது எழுந்திருக்கும். தோள்பட்டி இல்லாததை உடம்பில் நிறுத்த, உள்ளே விறைப்பான பட்டைகளை வைத்து இடுப்பை இறுக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வண்ணம் பூசிய உடம்பு என்பது ஆண்களுக்கும் பொதுதானே என்று கேட்கலாம். தாளில் பொதுதான், தையல் மேசைக்கு வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆண் நாயகனின் உடையில் நாங்கள் சேர்க்கிறோம்: மார்புக்கு ஃபோம், தோளுக்கு ஃபோம், வயிற்றில் இல்லாத கட்டுகளுக்கும் ஃபோம். பெண்ணின் உடையிலோ எடுக்கிறோம்: கழுத்தை இறக்கு, இடுப்பைக் குறை, காலை ஏற்று. 1992இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் இதை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பாப் ரிங்வுட்டும் மேரி வோக்டும் சேர்ந்து வடிவமைத்த படம் அது. பேட்மேனுக்குக் கவசம்; கேட்வுமனுக்குத் தோலின்மேல் இன்னொரு தோல்.

அந்த லேடெக்ஸ் உடைக்குள் மிஷெல் ஃபைஃபர் எப்படிப் புகுந்தார் என்பதை அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். உடம்பெல்லாம் பவுடர் போட்டு, ஆட்கள் பிடித்து உள்ளே இறக்கி, காற்றை உறிஞ்சி இறுக்கி, பளபளப்புக்காக மேலே சிலிக்கான் கலவையைப் பூசுவார்களாம். முகமூடி முகத்தை நசுக்கியதாம்; நகங்கள் எதிலாவது சிக்கிக்கொண்டே இருந்தனவாம். கழிப்பறைக்குப் போக அந்த உடையில் முதலில் வழியே வைக்கவில்லை என்றும், பிறகுதான் சரிசெய்தார்கள் என்றும் அவர் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த உடையை நான் குறை சொல்ல மாட்டேன். கதையில் கேட்வுமனாக மாறுகிற செலீனா கைல், தன்னிடமிருந்த கறுப்புப் பளபளப்புக் கோட்டை வெட்டி, வீட்டுத் தையல் மெஷினில் தானே தைத்துக்கொள்கிறாள். அதனால்தான் உடம்பெங்கும் கோணல்மாணலாக வெள்ளைத் தையல் ஓடுகிறது. படம் போகப்போக, அவள் மனம் சிதையச் சிதைய, உடையும் தையல் விட்டுக் கிழிகிறது. கிழிசலுக்குக் கணக்கு வைப்பது எங்கள் தொழிலில் பெரிய தலைவலி: எந்தக் காட்சியில் எவ்வளவு கிழிந்திருந்தது என்பதைப் பார்த்து, அந்தந்த நிலைக்குத் தனித்தனிப் பிரதிகள் தைத்து வைக்க வேண்டும். அவ்வளவு உழைப்பும் அந்தப் பாத்திரத்துக்காகவே செலவாகியிருக்கிறது.

‘கேட்வுமன்’ என்ற பெயரிலேயே ஹேலி பெர்ரி நடித்து 2004இல் வந்த படத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். கிழித்துவிட்ட தோல் கால்சட்டை, மார்புக்கச்சை, குறுக்கே இரண்டு பட்டைகள். அந்தக் கிழிசல் எந்தச் சண்டையில் உண்டானது, அதை அணிகிறவளுக்கு அது எதற்கு என்பவற்றுக்குக் கதைக்குள் காரணம் இல்லை. அதை வடிவமைத்த ஆங்கஸ் ஸ்ட்ராத்தி, ‘மூலான் ரூஜ்’ படத்துக்காகக் கேத்தரின் மார்ட்டினோடு ஆஸ்கர் வாங்கியவர். திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டது அதுவாக இருந்தால் கொடுக்கிறதும் அதுவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் பிழைப்பு. அந்த ஆண்டின் மோசமான நடிகைக்கான ‘ராஸி’ விருதை, நேரில் மேடையேறி வாங்கிக்கொண்ட பெர்ரியின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

என் விளம்பரப் படத்துக்கு வருகிறேன். நைலான் லைக்ரா துணியைக் கோடவுன் தெருவிலும், பெல்டுக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கும் வேண்டிய தோலைப் பெரியமேட்டிலும் வாங்கினோம். உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடைக்கு மார்பு, இடுப்பு அளவுகளைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. தோளில் தொடங்கி, முன்புறமாக இறங்கி, கால்களுக்கு நடுவே புகுந்து, முதுகு வழியாக ஏறி அதே தோளுக்குத் திரும்புகிற சுற்று அது. நடிகையை நிற்க வைத்து அதை எடுத்தோம். கழுத்திலிருந்து முதுகின் அடிவரை மறைவான ஜிப் வைத்தோம். ஃபிட்டிங்கில் அவர் கண்ணாடி முன் நின்றபோது, வரைபடம் எழுந்து வந்து நிற்பதைப் போலத்தான் இருந்தது. “திரும்புங்க”, “இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிங்க” என்பவைதான் அன்று அந்த அறையில் கேட்ட குரல்கள். கையைத் தூக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பூந்தமல்லி பக்கம் ஒரு ஃப்ளோரில், ஏப்ரல் மாதத்தில் படப்பிடிப்பு. ரோப் கட்டிப் பறக்கிற காட்சிக்கு டூப்பாக வந்த பெண்ணுக்கு அதே அளவில் இன்னொரு பிரதி. உள்ளே ஹார்னஸ், கயிற்றுக் கொக்கிக்காக இரு இடுப்பிலும் துளை. ஸ்டன்ட் மாஸ்டர் “கையத் தூக்குமா” என்றார். அவள் தூக்கினாள். முழு உடையும் மேலேறித் தொடையிடுக்கை அறுத்தது. அக்குளில் ‘டர்’ரென்று தையல் விட்டது. ஊசியோடு ஓடினேன். தைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தால் உதடு காய்ந்து வெளுத்திருக்கிறது. “காலையில இருந்து தண்ணியே குடிக்கலக்கா. குடிச்சா பாத்ரூம் போவணும். இதக் கழட்டி மாட்ட ரெண்டு பேரு, அரை மணி நேரம். மாஸ்டர் திட்டுவாரு” என்றாள். பதினொரு மணிக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தவறு என்னுடையது. இது எங்கே திறக்கும் என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்ட நான், எதற்காகத் திறக்கும் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த வகைப் படங்களை நான் பார்க்கிற விதம் மாறிவிட்டது. எவ்வளவு தோல் தெரிகிறது என்று கணக்கெடுப்பதை விட்டுவிட்டேன். அது பஞ்சாயத்துப் பேச்சு. வெட்டும்போது அவளுடைய கையும் காலும் எங்கெல்லாம் போகும் என்று ஒருவர் யோசித்தாரா என்பதைத்தான் தேடுகிறேன்.

பேட்டி ஜென்கின்ஸ் இயக்கி 2017இல் வந்த ‘வொண்டர் வுமன்’ படத்தில் கால் கடோட்டின் தோளும் தொடையும் திறந்தேதான் இருக்கின்றன. முந்தைய ஆண்டின் ‘பேட்மேன் வி சூப்பர்மேன்’ படத்துக்காக மைக்கேல் வில்கின்சன் உருவாக்கிய உடையின் வழியில் வந்தது அது. அதன் பாவாடை, பழைய ரோமானியப் போர்வீரர்களுடையதைப் போலத் தனித்தனிப் பட்டைகளாகத் தொங்குகிறது. உதைக்கக் கால் எழும்போது பட்டைகள் விலகி வழி விடுகின்றன; இறங்கும்போது தாமாக வந்து விழுகின்றன. இந்தப் படத்தின் உடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங், வொண்டர் வுமனின் இனத்தாரான அமேசான் போர்ப் பெண்களுக்கு மார்பையும் வயிற்றையும் மூடிய, வேலைக்கு ஆகிற கவசங்களைக் கொடுத்தார். குத்துச்சண்டை வீராங்கனை ஆன் உல்ஃப், கிராஸ்ஃபிட் என்னும் உடற்பயிற்சிப் போட்டிகளின் வீராங்கனை புரூக் என்ஸ் போன்றவர்களை அந்தக் கூட்டத்தில் நடிக்கவைத்ததால், உடைக்குள் இருந்தவை வேலை செய்து பழகிய உடம்புகள். சில காட்சிகளை மறுபடி எடுத்தபோது கடோட் ஐந்து மாதக் கர்ப்பிணி. உடையின் முன்பகுதியை வயிற்றளவுக்கு வெட்டியெடுத்துவிட்டுப் பச்சைத் துணியை வைத்துத் தைத்தார்கள். வயிற்றைப் பிறகு கணினியில் திருத்திக்கொண்டார்கள். அந்தக் கவசத்தில் கத்தரியை வைத்த உதவியாளரின் கை நடுங்கியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ வெளிவந்தபோது, அமேசான் பெண்களில் சிலர் வயிறு தெரிகிற உடையில் இருந்தது பெரிய பேச்சானது. இரண்டு படங்களின் புகைப்படங்களையும் அருகருகே வைத்துப் பலர் விவாதித்தார்கள். ஈட்டி குத்துவதற்கு வசதியாக அந்த இடத்தை ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தையல்காரியும் கேட்கத்தான் செய்வாள்.

நடிகைகளும் இப்போது வாய் திறந்து சொல்கிறார்கள். ஸ்கார்லெட் ஜோஹான்சன், 2010இன் ‘அயர்ன் மேன் 2’வில் தன் பாத்திரத்தை ஒரு பண்டம்போல் காட்டியதைப் பற்றி 2021இல் வெளிப்படையாகப் பேசினார். வாண்டாவாக நடித்த எலிசபெத் ஓல்சன், அவெஞ்சர்ஸ் என்னும் நாயகர் கூட்டத்திலேயே மார்பு தெரியும்படி உடுத்துகிறவள் தான் ஒருத்திதான் என்று 2018இல் சொன்னார். பின்னர் 2021இன் ‘வாண்டாவிஷன்’ தொடருக்காக மேயஸ் ரூபியோ வடிவமைத்த உடையில் கழுத்து ஏறிவிட்டது. படக்கதையின் பழைய உடை அதே தொடரில் ஹாலோவீன் வேடமாக, கேலியாக வந்துபோகிறது.

பின்னாளில் ‘கேப்டன் மார்வெல்’ ஆன படக்கதை நாயகி கரோல் டான்வர்ஸ் விஷயத்தில் திருத்தம் தாளிலேயே நடந்தது. ‘மிஸ் மார்வெல்’ என்று 1977இல் தனிப் புத்தகம் வந்தபோது அவளுக்கு வயிறு தெரிகிற உடை. அடுத்த ஆண்டிலிருந்து கறுப்பு நீச்சலுடையும் மின்னல் கோடும். அந்த நீச்சலுடை பல பத்தாண்டுகள் ஓடியது. விமானப் படை அதிகாரியாக இருந்தவள் நீச்சலுடையில் பறக்கிறாளே என்று யாருக்கும் உறுத்தவில்லை போலும். 2012இல் கெல்லி சூ டெகானிக் எழுதிய புதிய வரிசைக்காக ஜேமி மெக்கெல்வி, விமானிகளின் உடையிலிருந்து எடுத்த முழு உடையை வரைந்து கொடுத்தார். 2019இன் திரைப்படத்துக்கு சான்யா ஹேஸ் அதிலிருந்துதான் தொடங்கினார். அந்தப் படத்தில், பச்சையாக இருந்த உடைக்குச் சிவப்பும் நீலமும் பொன்னுமாக வண்ணம் தேர்ந்தெடுப்பவள் மோனிகா என்ற சிறுமி.

ரூத் ஈ. கார்ட்டரின் ‘பிளாக் பாந்தர்’ உடைகளுக்கு 2019இல் ஆஸ்கர் கிடைத்தது; உடை வடிவமைப்புக்காக அதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். டோரா மிலாஜே என்னும் காவல்படைப் பெண்களின் சிவப்புக்கும் மணிவேலைக்கும் மாசாய் மக்களையும், கழுத்து வளையங்களுக்கு இன்டெபெலே மக்களையும் பார்த்துத்தான் அவர் உருவம் கொடுத்தார். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கவசத்தை அல்ல. புசான் நகரச் சூதாட்ட விடுதிச் சண்டையை. தளபதி ஒகோயே மாறுவேடத்துக்காகச் சிவப்பு நீள கவுனிலும் சவுரியிலும் வருகிறாள். சண்டை தொடங்கியதும் சவுரியைப் பிடுங்கி எதிரியின் முகத்தில் எறிகிறாள். உடையும் முடியும் அவளுக்குத் தொந்தரவு என்பதும், தொந்தரவையே ஆயுதமாக்கத் தெரிந்தவள் என்பதும் அந்த ஒரு வீச்சில் வந்துவிடுகின்றன. கேத்தி யான் இயக்கிய 2020ஆம் ஆண்டின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’யிலும் அப்படி ஓர் இடம் உண்டு: அடிதடியின் நடுவே ஹார்லி குவின், பக்கத்தில் சண்டை போடுகிறவளிடம் முடி கட்ட ரப்பர் பேண்ட் வேண்டுமா என்று கேட்டுக் கொடுப்பாள். திரையரங்கில் பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தலைசுற்றி உட்கார்ந்த அந்தப் பெண்ணை மின்விசிறி முன்னால் படுக்கவைத்துவிட்டு, மதிய இடைவேளையில் உடையை மேசையில் விரித்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் வயதானவர். என்னைத் தொழிலில் ஆளாக்கியவர். “வெட்டிரு பாப்பா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். இடுப்பில் குறுக்கே வெட்டி இரண்டு துண்டாக்கினேன். மேல் துண்டைத் தொடைவரை நீட்டி உள்ளே விட்டு, பக்கவாட்டில் கொக்கி வைத்து, வெட்டின இடத்தைத் தோல் பெல்டுக்கு அடியில் மறைத்தோம். அக்குளில் அதே கருநீலத் துணியில் சாய்சதுரமாக ஒவ்வொரு துண்டைக் கொடுத்தேன். ஜிப்பை முதுகிலிருந்து எடுத்து, அவள் கைக்கே எட்டும்படி விலாப் பக்கம் வைத்தேன். அளவுப் புத்தகத்தில் அவள் பெயருக்குக் கீழே, கை தூக்கினால் எவ்வளவு, குனிந்தால் எவ்வளவு என்று இரண்டு வரிகளைப் புதிதாக எழுதிக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் காட்சி எடுத்தார்கள். கயிற்றில் ஏறி, இரண்டு கைகளையும் விரித்துப் பறந்து, குட்டிக்கரணம் போட்டு இறங்கினாள். மானிட்டரில் பார்த்த இயக்குநருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. காலையில் பார்த்த உடைதான் என்றே நினைத்திருந்தார். கொக்கியைக் கழற்றிவிட்டதும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, மேசைமேல் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள்.