மூன்றாவது தாளில் வந்த கெட்சல்

கெட்சல் பறவையை வாட்டர்கலரில் வரைய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தாள் வீண். மூன்றாவது பரவாயில்லை.

தெற்கு மெக்சிகோவிலிருந்து மேற்குப் பனாமா வரை, மேகம் தவழும் மலைக்காடுகளில் இருக்கும் பறவை இது. குவாத்தமாலாவின் நாணயத்துக்கே இதன் பெயர்தான். நான் நேரில் பார்த்ததில்லை, புகைப்படங்கள்தான் துணை.

முதல் தாளில் வாலிலேயே கோட்டை விட்டேன். ஆண் பறவைக்கு ரிப்பன் மாதிரி தொங்குவதை வால் என்று நினைத்துவிட்டேன். உண்மையான வால் குட்டை, அடிப்பக்கம் வெள்ளை. அதை மேலிருந்து மூடும் இறகுகள்தான் அப்படி நீள்கின்றன. உடம்பு 40 செ.மீ. என்றால் இவை 65 செ.மீ. கூடப் போகும். சரி, வெள்ளையைக் காப்பாற்றலாம் என்று மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) தடவினேன். உரித்தபோது தாளும் தோலோடு வந்துவிட்டது. மலிவுத் தாள், வேறென்ன!

இரண்டாவதில் சாப் க்ரீன் எடுத்து நிரப்பினேன். மகள் எட்டிப் பார்த்து, "கிளி நல்லா இருக்குப்பா" என்றாள். வலித்தது, ஆனால் நியாயம். கெட்சலின் இறகில் பச்சைச் சாயமே கிடையாது. உள்ளே இருப்பது மெலனின் என்ற கறுப்பு நிறமி. அதன் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் பச்சை தெரிகிறது. கோணம் மாறினால் நீலம், சில நேரம் பொன். வயிற்றுச் சிவப்பு அப்படியல்ல, அது நிஜச் சாயம். அதனால்தானோ என்னவோ சிவப்பு ஒரே பூச்சில் அமைந்தது.

அதனால் மூன்றாவதில் பறவையின் வழிக்கே போனேன். முதலில் முதுகு முழுக்க பெய்ன்ஸ் க்ரே என்ற கருஞ்சாம்பல். நன்றாகக் காய்ந்த பிறகு தாலோ க்ரீனைத் தண்ணீர் மாதிரி கரைத்து மூன்று பூச்சு. ஓரங்களில் கோபால்ட் நீலம், வெளிச்சம் விழும் தோளில் துளி லெமன் யெல்லோ. இரண்டாம் பூச்சில் அவசரப்பட்ட இடம் மட்டும் சேறாகிவிட்டது. அங்கே ஓர் இலையை வரைந்து மறைத்துவிட்டேன்.

காலைத் தொடவே இல்லை. கெட்சலின் பறவைக் குடும்பத்துக்கு முதல் இரண்டு விரல்களும் பின்னோக்கி இருக்கும்; மரங்கொத்திக்கும் இரண்டு பின்னால்தான், ஆனால் விரல்கள் வேறு. வயிற்று இறகுக்குள் புதைத்துவிட்டேன்.

அடுத்து வரையப்போவது, பட்டுப்போன மரத்தில் கூட்டுப் பொந்து. ஆணும் அடைகாக்கும், அப்போது அந்த நீள இறகுகள் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பறவையே வேண்டாம், ஒரு பொந்தும் இரண்டு பச்சை இழையும் போதும்.