ஆச்சி வீட்டு விக்டோரியா ரூபாய்

மிதிவெடி அகற்றுகிற வேலையில் ஆறு வருசம் நின்றவள் நான். டிடெக்டர் கத்தினால் கை தானாக நின்றுவிடும். இப்பவும் பஸ்ஸில் யாருடையதாவது போன் அதே மாதிரி ஒலித்தால் ஒரு கணம் உடம்பு விறைக்கும். அந்தக் கருவிக்கு ஆணி, சன்னம், செல் துண்டு, மிதிவெடி என்ற பேதமெல்லாம் கிடையாது. பி4 என்கிற மிதிவெடி வகைக்குள் இருக்கிற உலோகம் அவ்வளவு கொஞ்சம், அதைப் பிடிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கத்தித்தான் ஆக வேண்டும். அதனால் நாங்களும் ஒவ்வொரு சத்தத்தையும் வெடி என்று நினைத்துத்தான் தோண்டுவோம், முக்கால்வாசி குப்பை என்று தெரிந்தும்.

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவு. சுவர் இல்லை, அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பக்கவாட்டில் இருந்து சுரண்டிச் சுரண்டிப் போனபோது கறுப்பாக, வட்டமாக ஒன்று. சோடா மூடி என்றுதான் நினைத்தேன். விரலால் மண்ணைத் தள்ள ஒரு பெண்ணின் கழுத்து மாலை தெரிந்தது, அப்புறம் கிரீடம். ஒரு பழைய ரூபாய்க் காசு. அணித்தலைவர் படம் எடுத்து, எழுதி வைத்து, காணியைக் கையளித்த நாளில் காணிக்காரி ஆச்சியிடமே கொடுத்துவிட்டார்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். இராத்திரியில் ஸ்கேனரோடு புதையல் தேடித் திரிந்து பிடிபடுகிறவர்களின் செய்தி எங்கள் பக்கம் அடிக்கடி வரும். அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் தொல்பொருள் என்கிறது. ஆச்சியின் காசில் இருந்த ஆண்டு 1900. அதனால் அந்தத் தலையிடி எங்களுக்கு வரவில்லை.

வேறு தலையிடி வந்தது. ஆச்சி அதை டவுனில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே விளிம்பை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தியா எண்டு கிடக்கு, இது எங்கட நாட்டுக் காசே இல்லை, வெள்ளி பூசின கள்ளக்காசு, வேணுமெண்டா ஐந்நூறு தாறன்" என்றார்களாம். கள்ளக்காசுக்கு எதற்கு ஐந்நூறு என்று ஆச்சிக்கே சந்தேகம் வந்திருக்கிறது. நேராக என் வீட்டுக்கு வந்து, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீதானே எடுத்தனி. நீயே சொல்லு."

எடுத்தவளுக்குக் காசைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் விட மனமில்லை. அடுத்த இரண்டு கிழமை தேடித்தேடி வாசித்தேன்.

முதலில் அந்த 'இந்தியா' விஷயம். அது போலிக்கு அடையாளமே இல்லை. 1872இல் இலங்கை ரூபாய், சதக் கணக்குக்கு மாறியபோது இங்கே ரூபாய் என்று கைமாறியது இந்திய வெள்ளி ரூபாய்தான். விக்டோரியா காலத்தில் இலங்கைக்கென்று அடித்த வெள்ளிக்காசுகள் 10, 25, 50 சதம் மட்டும். ஆக ஆச்சியின் வளவில் இந்திய ரூபாய் கிடந்ததில் ஒரு புதினமும் இல்லை.

அடுத்தது எழுத்தும் ஆண்டும் பொருந்துகிறதா என்பது. 1862 ஆண்டு போட்ட ரூபாயில் 'விக்டோரியா குவீன்' என்று இருக்கும், 1877இல் இருந்துதான் 'எம்பிரஸ்', அதாவது பேரரசி. 1862 என்று போட்டு எம்பிரஸ் என்றும் இருந்தால் வேறு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. எங்களுடையதில் எம்பிரஸ், 1900. சரி.

காந்தம் ஒட்டவில்லை. ஆச்சிக்குச் சந்தோசம், எனக்கு அவ்வளவு இல்லை. பித்தளையிலும் ஒட்டாது, ஈயத்திலும் ஒட்டாது, பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது. ஒட்டினால் போலி என்று சொல்லலாம், ஒட்டாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விளிம்பைப் போன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். வார்த்த காசென்றால் இரண்டு அச்சுச் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும், எழுத்துகள் சவர்க்காரத்தில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும், இடையிடையே ஊசிக்குத்துப் போலப் பள்ளம் தெரியும். இதில் பல்லுப்பல்லான வரி சுற்றிவரச் சீராக இருந்தது, கடைக்காரர் தேய்த்த இடத்தைத் தவிர. தேய்ந்ததும் நியாயமான இடங்களில்தான்: கன்னம், காதுக்கு மேலே தலைமயிர், கிரீடத்தின் உச்சி. பள்ளத்தில் இருந்த எழுத்தெல்லாம் கூர்மை. தேய்த்த இடத்திலும் செம்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கவில்லை, வெள்ளையாகவே மினுங்கியது. பூச்சென்றால் அந்தத் தேய்ப்பிலேயே காட்டிக் கொடுத்திருக்கும், கடைக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

அப்புறம் எடை. ஒரு நண்பியிடம் 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு இருந்தது. அடிக்கும்போது அந்த ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 வீதம் வெள்ளி. எங்களுடையது 11.41. இவ்வளவு கை மாறித் தேய்ந்த காசு கால் கிராம் குறைவது இயல்பு, அச்சொட்டாக 11.66 காட்டியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

கடைசியாகத் தண்ணீர். தராசில் ஒரு கப் தண்ணீரை வைத்துச் சுழியமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் பிரித்தால் அடர்த்தி வந்துவிடும். தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, பித்தளை 8.5 அளவில், இந்த ரூபாயின் கலவைக்கு 10.3 சொச்சம் வர வேண்டும்.

முதல் தடவை 1.19 காட்டியது. பிரித்தால் 9.59. ஆச்சி என் முகத்தைப் பார்த்தார், நான் கல்குலேட்டரைப் பார்த்தேன். திரும்ப நிறுத்தேன், 1.18. கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று வயிறு கலங்கியது. அப்போதுதான் கண்ணாடிக் கப்பின் பக்கவாட்டில் பார்த்தேன், ராணியின் கிரீடத்திலும் எழுத்துகளின் இடுக்கிலும் குண்டுமணி போலக் குமிழிகள். காற்றும் சேர்ந்தல்லவா தண்ணீரை விலக்குகிறது! தண்ணீருக்குள் ஒரு சொட்டுத் திரவச் சவர்க்காரம் விட்டு, காசை நனைத்து மெதுவாக ஆட்டி, மறுபடி சுழியமாக்கித் தொங்கவிட்டேன். 1.10. அடர்த்தி 10.37. மூன்று தரம் செய்தேன், மூன்றிலும் 1.10 அல்லது 1.11.

வெள்ளிதான், அந்தக் காலத்துக் காசுதான் என்று ஆச்சியிடம் சொன்னேன். கூடவே, 1900 நிறைய அடித்த ஆண்டு, வெள்ளி விலையை விடப் பெரிதாக ஒன்றும் வராது என்பதையும், புளி, சாம்பல் போட்டு மினுக்க வேண்டாம், அந்தக் கறுப்பு இருக்கட்டும் என்பதையும் சொன்னேன். "விக்கிறதுக்கோ கேட்டனான்?" என்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அண்ணை ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி, 1818, அரை அணா. யாரோ புதையலில் எடுத்தது என்று சொல்லி இருபதாயிரத்துக்குத் தலையில் கட்டியிருக்கிறான். கம்பனி ராமர் பட்டாபிஷேகம் போட்டு ஒரு அரை அணாவும் புழக்கத்துக்கு விட்டதில்லை, இது கோயில் வாசலில் விற்கிற வில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது, ஆனாலும் அவர் மனதுக்காக நிறுத்தேன். 10.2 கிராம், தண்ணீரில் 1.20, அடர்த்தி 8.5. பித்தளை. அண்ணை ஒன்றும் பேசாமல் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாள் விடியவே வாசலில் நிற்கிறார். "தங்கச்சி, ஆச்சியின்ரயும் முதல்ல பிழையாத்தானே காட்டினது? என்ரயையும் இன்னொருக்கா சவுக்காரத்தைக் கொஞ்சம் கூட விட்டு நிறுத்துப் பாரன்."