ஹூக் எங்கே மாட்டியிருக்கிறது?

முதல் மாடி ஸ்லாப் ஓரத்தில் நின்று கான்கிரீட்டுக்கு அடித்த பலகையைப் பிரித்துக்கொண்டிருந்தார் அந்த அண்ணன். பாதி ஆயுளைச் சாரத்திலேயே கழித்தவர். ஹெல்மெட், முழு உடல் பெல்ட் எல்லாம் கச்சிதமாக இருந்தது. பெல்ட்டின் முதுகு வளையத்தில் கட்டிய கயிற்றின் ஹூக்கை மட்டும் காலடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டியிருந்தார்.

"பெல்ட் போட்டிருக்கேனே சார், அப்புறம் என்ன?"

டேப்பை எடுத்தேன். கயிறு 1.8 மீட்டர். அதோடு ஒரு சின்னப் பை இருக்குமே, அதற்குள் மடித்துத் தைத்த பட்டை. விழுகிற வேகத்தில் தையல் பிரிந்து, உடம்புக்கு வரும் உதறலைக் குறைக்கும். அது பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டர் நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். ஆக, ஹூக்கிலிருந்து 4.3 மீட்டர் கீழே போய்த்தான் கால் நிற்கும். அதற்கும் கீழே ஒரு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தரை 3.5 மீட்டர்தான்.

அண்ணன் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தார். தலைக்கு மேலே, பாதத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தால் இதே கயிறு அவரைத் தரைக்கு மேலேயே பிடித்து நிறுத்தியிருக்கும். சுற்றிலும் உறுதியான கைப்பிடி இருந்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. விழுந்தவரைப் பிடிப்பதைவிட விழாமல் தடுப்பது எப்போதுமே மேல். ஸ்லாபில் விட்ட ஓட்டையை மூடும் பிளைவுட்டும் விழாமல் தடுக்கத்தான். ஆனால் ஆணி அடிக்காமல், மேலே எதுவும் எழுதாமல் போட்டுவிட்டால், சும்மா கிடக்கும் பலகை என்று ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அடுத்த அடி ஓட்டைக்குள்.

சரி, கதைக்கு வருகிறேன். அண்ணன் நிமிர்ந்து மேலே பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேலே மாட்டணும்னா எதுல சார் மாட்டறது?"

நானும் பார்த்தேன். எதுவும் இல்லை. தூண் கம்பிகள், அப்புறம் வானம். காலையில் பெல்ட் போட்டாச்சா என்று எல்லோரையும் கேட்டுச் செக்லிஸ்ட்டில் டிக் அடித்தவன் நான்தான். மாட்ட இடம் இருக்கிறதா என்று அதில் ஒரு வரி கூடக் கிடையாது. யாராவது விழுந்து கயிற்றில் தொங்கினால் எப்படி இறக்குவது என்பதும் இல்லை. அப்படியே தொங்கவிட்டால், கால்களில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயங்கிவிடலாம்.

அன்று பலகை பிரிப்பதை நிறுத்தினோம். ஓரத்தில் கைப்பிடியும், தலைக்கு மேலே மாட்ட வழியும் தயாராக மறுநாள் மதியம் ஆகிவிட்டது. தாமதத்துக்காக எனக்குத் திட்டு விழுந்தது. அண்ணன் வந்து ஹூக்கை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சுத்தியலைக் கையில் எடுத்தார்.