உலகத்தைப் பற்றிப் பேச வேலூருக்கு ஆளை அழைக்கும் முன்

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் சர்வதேச விவகாரச் சொற்பொழிவுகளில் பாதி, அழைப்பிதழ் அச்சாகும்போதே தோற்றுவிடுகின்றன. ‘மாறிவரும் உலக ஒழுங்கும் இந்தியாவும்’ என்று தலைப்பு வைத்தால் வருகிறவர் எதை வேண்டுமானாலும் பேசலாம். கேட்கிறவருக்குத்தான் பிடி கிடைக்காது. கேள்வி நேரத்தில் ‘அடுத்த வல்லரசு எது சார்?’ என்று ஒரு பையன் எழுந்து கேட்பான், அதோடு முடிந்தது.

தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலராவது தினமும் கையாளும் ஒரு விஷயத்தில் அது போய் முட்ட வேண்டும். வேலூரைச் சேர்த்த பழைய வடஆற்காடு மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பல ஊர்களிலிருந்து ஏற்றுமதிச் சரக்கு போகிறது. உடம்பில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலை குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் ஒரு விதி எப்படி உருவாகிறது, யார் முன்மொழிகிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்று ஒருவர் பேசினால், ஆம்பூர் ஆய்வுக்கூடத்தில் சான்றிதழ் எழுதுகிறவருக்கு அது வேலை சம்பந்தப்பட்ட பேச்சு. செங்கடலும் அப்படித்தான். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படையினரின் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. சீசனுக்குப் போய்ச் சேர வேண்டிய ஷூ வாரக்கணக்கில் தாமதமானால் வங்கி தரும் பண உறுதிக் கடிதமான எல்.சி.யின் தேதி என்னவாகும், சரக்குக் கட்டணத்தை யார் தலையில் கட்டுவது என்பது இங்கே பலர் பட்ட பாடு. ‘மேற்காசிய அரசியல்’ என்று அழைத்தால் வராத ஷிப்பிங் கிளார்க், ‘செங்கடல் மூடினால் ராணிப்பேட்டையில் என்ன நடக்கும்’ என்றால் வருவார்.

சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச வருகிறவருக்கு 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் கழிவு வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது அதில்தான். 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

பாலாறும் இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிற ஆறு, 1892 சென்னை – மைசூர் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள ஆறு. மீகாங் ஆற்றைப் பற்றி ஒருவரைப் பேச வையுங்கள். 1995இல் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் அந்த ஆற்றுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேல்மடையில் இருக்கிற சீனா அதில் உறுப்பினராகவே இல்லை. மேலே இருப்பவன் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தால் கீழே இருப்பவனுக்கு என்ன வழி என்ற கேள்வியை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கிற லாட்ஜ்காரர்களுக்கு இந்திய – வங்கதேச உறவு நேரடி வரவு செலவு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் படிவம் ஏற்றுகிறவர்கள் அவர்கள். மருத்துவ விசா குறைந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அந்தச் சங்கத்துக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்காமல் அந்தத் தலைப்பில் கூட்டம் போடுவது வீண். செவிலியர் கல்லூரிகளுக்கு 2022 டிசம்பரில் கையெழுத்தான இந்திய – ஜெர்மனி இடப்பெயர்வு ஒப்பந்தம் பொருத்தமான தலைப்பு.

உலகப் பண்பாடு என்று வரும்போது வேறு சிக்கல். சென்னையில் உள்ள துணைத் தூதரகங்களுக்கும் மாக்ஸ்முல்லர் பவன், அலையன்ஸ் பிரான்சேஸ், இன்கோ சென்டர் போன்ற பண்பாட்டு மையங்களுக்கும் எழுதினால் ஆள் கிடைப்பார்கள். ஆனால் ‘உங்கள் நாட்டுப் பண்பாடு’ என்று பொதுவாகக் கேட்டால் வருவது சுற்றுலாத் துறைப் படக்காட்சி. கோயில், மலை, சாப்பாடு, தேசிய உடை, நன்றி. கேட்கும்போதே ஒரே ஒரு பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு என் முதல் பரிந்துரை ஜாவாவின் தோல்பொம்மை நிழற்கூத்து, வாயாங். காரணம், மண் தயாராக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. செய்யாறு பக்கம் புரிசை என்றாலே தெருக்கூத்து. இவர்களிடம் போய், ஜாவா மரபில் திரௌபதிக்கு ஐந்து கணவர் கிடையாது, தருமருக்கு மட்டும்தான் மனைவி என்று சொல்லிப் பாருங்கள். சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி, வில் பிடித்த பெண், அர்ச்சுனனின் மனைவியரில் ஒருத்தி. நம் கட்டியங்காரன் இடத்தில் செமார் என்ற தொந்திக் கோமாளி வருகிறார், கூடவே காரெங், பெத்ருக், பாகோங் என்று பிள்ளைகள். ஆனால் செமார் வெறும் கோமாளி அல்ல, வேடம் மாறி வந்த தேவர். அரசனுக்கே புத்தி சொல்லலாம், அரசன் கேட்டுக்கொள்ள வேண்டும். அரங்கில் முதல் வரிசையில் ஒரு கூத்து வாத்தியாரை உட்கார வைத்துவிட்டால் கேள்வி நேரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

தொழில் விவரமும் இங்கே எடுபடும். பொம்மை எருமைத் தோலில் வெட்டியது. ஷூவுக்குப் பதப்படுத்துகிற மாதிரி அல்லாமல், மயிர் நீக்கிச் சுரண்டி உலர்த்திய தோல். பதனிடும் தொழில் தெரிந்தவர் ‘ஈரத்தில் வளையாதா?’ என்று கேட்பார், நல்ல கேள்வி. ஒரே ஆள், டாலாங், விடிய விடிய எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்து, பக்கத்திலிருக்கும் பெட்டியைத் தட்டி வாத்தியக் குழுவையும் நடத்துகிறார். நம்மிடம் ஆடுகிறவர்கள் பலர், பின்பாட்டு வேறு. இந்த வேறுபாட்டை விளக்கப் பேச்சாளரிடம் இரண்டு பொம்மையும் ஒரு விளக்கும் வெள்ளைத் துணியும் இருந்தால் போதும். காணொளி மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இந்தக் கூத்துக்கு வாசிக்கும் கமெலான் இசையின் கனத்த மணிச்சத்தம் அரங்கத்துச் சிறிய ஒலிபெருக்கியில் தகரம் தட்டுவதுபோல் விழும், முந்தைய நாளே போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வரலாற்றுத் தலைப்பு வேண்டுமென்றால் நாடு கடத்தப்பட்ட அரசர்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆட்சி இழந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருடையது. பகதூர் ஷா ஜாபரை ரங்கூனுக்கும், பர்மாவின் தீபா மன்னரை ரத்னகிரிக்கும் அனுப்பியதோடு சேர்த்துப் பேசினால், தோற்றவரைக் கடல் கடத்தி வைக்கும் ஆங்கிலேய உத்தி ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இனி நடைமுறை. மொத்தம் 90 நிமிடம். பேச்சு 40, கேள்வி 40, மிச்சம் பத்து நிமிடம் சடங்குக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, நாட்டுப்பண் 52 விநாடி. இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட இல்லை. நேரத்தைத் தின்பது வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, வரிசையாகப் பொன்னாடை. மேடையில் எட்டு நாற்காலி போட்டால் எட்டுப் பேரும் பேசுவார்கள். நாற்காலியை மூன்றோடு நிறுத்துங்கள். மற்ற பெரியவர்களுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்து, அழைப்பிதழில் ‘முன்னிலை’ என்று பெயர் போட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது. பேச்சாளர் அறிமுகத்தை அவருடைய முழுத் தன்விவரத்திலிருந்து வாசிக்காமல் ஆறு வரியில் நீங்களே எழுதுங்கள்.

ஆங்கிலப் பேச்சைத் தமிழில் உடனுக்குடன் சொல்ல ஆள் வைத்தால் நேரம் இரட்டிப்பாகும். அதனால் பேச்சாளரிடம் 20 நிமிட உரை கேளுங்கள், அதுவே 40 ஆகிவிடும். பெரும்பாலும் ஆங்கிலத் துறை ஆசிரியரைத்தான் பிடித்து நிறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசியல் அறிவியலோ வரலாறோ படித்தவர் சுமாரான ஆங்கிலத்தோடு நின்றாலும் பொருளைத் தவறவிடமாட்டார். பெயர்கள், ஆண்டுகள், எண்களை ஒரு தாளில் முந்தைய நாளே வாங்கிக் கொடுங்கள். தவறுவது எப்போதும் எண்ணில்தான்: பில்லியன் கோடியாகும், கோடி லட்சமாகும்.

நேரம் பிற்பகல் 3.30க்குத் தொடங்கி 5க்கு முடிவது நல்லது. மகளிர் விடுதியில் மாலைக் கட்டுப்பாடு உண்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் கவலை. சேர்க்காடு போல ஊருக்குத் தள்ளியிருக்கும் வளாகத்தில் வைத்தால் நகரத்து ஆள் வரமாட்டார். பொதுச் சொற்பொழிவு என்று பெயர் வைத்தபின் நகரத்துக்குள் ஒரு அரங்கம் பிடிப்பதுதான் நியாயம். ஏப்ரலும் மேயும் வேண்டவே வேண்டாம். வெயிலும் தேர்வும் சேர்ந்து வரும். பேச்சாளர் சென்னையிலிருந்து வருகிறார் என்றால் ரயிலில் காட்பாடிக்கு வரச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் – வாலாஜாப்பேட்டை சாலையையும் கிரீன் சர்க்கிள் நெரிசலையும் நம்பி நேரம் குறிக்க முடியாது.

வெளிநாட்டவர் என்றால் விசாவை முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தவரை மேடையேற்றி, அதற்கு மேல் கவரில் பணமும் வைத்துக் கொடுப்பது இருவருக்கும் வம்பு. எந்த விசா பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துணைத் தூதரகத்திடம் பணமாக உதவி கேட்டால் வெளிநாட்டு நிதிச் சட்டம் குறுக்கே வரும். ஆளை அனுப்பச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற இந்தியத் தூதர் வேண்டுமென்றால் வெளியுறவு அமைச்சகமே சொற்பொழிவு வரிசை நடத்துகிறது. டெல்லியில் சப்ரு ஹவுஸில் இயங்கும் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலுக்கும் எழுதலாம்.

வரைபடத்தை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் படக்காட்சிகளில் காஷ்மீரும் அருணாச்சலமும் வேறு மாதிரி இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத படத்தை வெளியிட்டால் 1961 குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. அரங்கில் யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டால் மறுநாள் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும். படக்காட்சியை இரண்டு நாள் முன்பே வாங்கி ஒருமுறை புரட்டுங்கள், அப்படியே பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எழுத்துரு உடையும் தொல்லையும் போகும்.

கேள்வி நேரத்துக்கு இரண்டு கைமைக், இரண்டு நடைபாதையிலும் ஆள். மைக் தன்னார்வலர் கையைவிட்டுப் போகக் கூடாது. போனால் கேள்வி உரையாகிவிடும், திரும்ப வாங்க நெறியாளர் கெஞ்ச வேண்டியிருக்கும். துண்டுச் சீட்டும் வையுங்கள். எழுந்து பேசக் கூச்சப்படும் பெண்கள் சீட்டில்தான் கூர்மையாகக் கேட்பார்கள். ஈழம், காஷ்மீர், பாலஸ்தீனம் மூன்றும் எந்தத் தலைப்பிலும் வரும். வரக் கூடாதென்று தடுத்தால் கூட்டம் சூடாகும். வரும் என்று பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் பதிலோடு வருவார்.

வகுப்புகளைக் கலைத்து 300 பேரைக் கொண்டுவந்து நிரப்புவது கல்லூரிக்குத் தரம் போடும் நாக் அமைப்புக்கான அறிக்கையில் சேர்க்கும் இடக்குறிப்புப் புகைப்படத்துக்கு உதவும், கேள்விக்கு உதவாது. பின்வரிசை முழுக்க செல்போனில் இருக்கும், பேச்சாளர் அதைப் பார்த்துச் சுருதி இறங்குவார். 80 பேர் கொள்ளும் அறையில் 70 பேர் போதும். அறிவிப்பை மாவட்ட மைய நூலகப் பலகையிலும், போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும், தலைப்புக்குரிய தொழிற்சங்கம் அல்லது வணிகர் சங்கத்திலும் பத்து நாள் முன்பு ஒட்டுங்கள், முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் நினைவூட்டுங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் பேச்சாளரிடம் மின்னஞ்சலில் சம்மதம் வாங்கியபின் செய்யுங்கள். கேள்வி கேட்டவர்களின் குரலை வெட்டிவிட்டு, கேள்வியை நெறியாளர் குரலில் திரும்பச் சொல்லி ஏற்றிவிடலாம்.