அடுத்த படுக்கைக்காரர்

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன் வேலை என்று சொன்னதுமே கேட்பவர் முகம் சுருங்கிவிடும். "தினமும் அதையே பார்த்துக்கிட்டிருந்தா மனசு வெறுத்துப்போயிடாதா?" என்பார்கள். அவர்கள் மனக்கண்ணில் ஓடுவது கடைசி நேரக் காட்சிகள். எங்கள் பிரிவில் அதிகம் நடப்பதோ அரட்டை. திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்கள் ஒரு செட். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு செட். படுத்தால் நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின், அதற்கும் பக்கத்தில் இன்னொரு மனிதர். எத்தனை நாளைக்குத்தான் பேசாமல் இருப்பது?

மற்ற வார்டுகளில் நோயாளி வருவார், தேறுவார், வீட்டுக்குப் போவார். அப்புறம் தெருவில் பார்த்தால்கூட நமக்கு அடையாளம் தெரியாது. இங்கே அப்படியில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை வந்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க. அதனால் யாருக்கு எந்தக் கையில் நரம்பு சரியாக இருக்காது என்பதோடு, யார் வீட்டில் எந்த மருமகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, தானாக வந்து சேரும்.

வேலை தொடங்குவது கையைத் தொட்டுப் பார்ப்பதில். முன்கையில் ஒரு தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். ப்ரெசியா, சிமினோ முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 1966இல் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதைத் தாண்டி நம்பகமான வழி வரவில்லை. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்துப்போகும், ஊசி போட வாகாக இருக்கும். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் விர்ரென்று ஓர் அதிர்வு. அது இருந்தால் பாதை திறந்திருக்கிறது. இல்லையென்றால் அடைப்பு, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். எங்கள் செட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் வாத்தியார். "தம்பி, காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல இதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். ஓடுதுன்னா இன்னைக்கு நான் இருக்கேன்னு அர்த்தம்" என்பார். சொல்லிவிட்டு அடுத்த நொடியே செய்தித்தாளைப் பிரித்துவிடுவார்.

ஊசி போடும்போது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த சிஸ்டர் சொல்லித்தந்தது. சாதாரண ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற ஊசியைவிட இது நன்றாகவே தடிமன். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கவனத்தில் கை இளகும், குத்துவது சுலபம். "பேத்திக்கு ரிசல்ட் வந்துடுச்சா?" இதுதான் என் தொழில் ரகசியம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டுக் கேட்டு, பேத்தியின் ரிசல்ட் நமக்கும் தேவையாகிவிடுகிறது. ஊசி ஏறி முடிந்து டேப்பும் ஒட்டியாகிவிட்டது, ஆனாலும் பதிலைக் கேட்காமல் அடுத்த படுக்கைக்கு நகர மனம் வராது.

எடை மெஷின் பக்கம் நடப்பது தனிக் கதை. சிறுநீர் சரியாகப் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கும். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ. இரண்டு நாள் என்ன குடித்தார்கள் என்பது தராசில் ஏறியதும் தெரிந்துவிடும். அதனால் அந்த ஒரு நிமிடம் ஆளாளுக்கு ஒரு சாக்கு. சட்டை கனம் என்பார் ஒருவர். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நிற்பார் இன்னொருவர். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரிப்புத் திரவம் ஒரே ஒருவருக்காக ஓடும். அதற்குப் பக்கத்தில் படுத்திருப்பவர், மாத்திரை விழுங்க அரை டம்ளரா கால் டம்ளரா என்று கணக்குப் பார்க்கிற மனிதர். தாகத்தை அடக்கிப் பழகாதவர்கள்தான் இவர்களுக்குக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுப்பார்கள். நான் எடுப்பதில்லை.

அதிகமாக ஏறிய தண்ணீரை நான்கு மணி நேரத்துக்குள் எடுக்கும்போது பி.பி. சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அரை மணிக்கொரு தடவை பி.பி. பார்த்து எழுதுகிறோம், மெஷினும் அலாரம் அடிக்கும். ஆனால் அலாரத்துக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அடுத்த படுக்கைக்காரர்களாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாத்தியாருக்குப் பக்கத்துப் படுக்கை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருடையது. வயது நாற்பதுக்குள்தான். வாத்தியார் தலைப்புச் செய்தியைச் சத்தமாக வாசிப்பார், டிரைவர் அதை மறுப்பார். என்ன செய்தியாக இருந்தாலும் மறுப்பார். ஒருநாள் வாத்தியார் கையைத் தூக்கி, "சிஸ்டர், கொஞ்சம் இவரைப் பாருங்க. ரெண்டு நியூஸ் படிச்சுட்டேன், சண்டைக்கே வரலை" என்றார். பார்த்தால் டிரைவருக்கு முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பி.பி. தொண்ணூறுக்கும் கீழே. கால்மாட்டை உயர்த்தி, சலைன் ஏற்றி, சரியானதும் டிரைவர் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "அந்த ரெண்டாவது நியூஸ் தப்பு."

இந்தப் பிரிவில் சுற்றிவருகிற கேள்வி ஒன்று உண்டு. நோயாளிகள் அதிகம் கேட்பதில்லை, பார்க்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்காக? தையல் வேலை செய்கிற அம்மா ஒருவர் தனியாகத்தான் வருவார், தனியாகத்தான் போவார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தூரத்து உறவு ஒருத்தர் பார்க்க வந்து, அவர் காதுபடவே என்னிடம், "யாருக்காக இந்தப் பாடு படுறாங்கன்னே தெரியலை" என்று பெருமூச்சு விட்டார். தையற்காரம்மா திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கிழமை துணி தர்றேன்னு ஒருத்திகிட்ட சொல்லியிருக்கேன். இப்போ அளவு துணியும் எங்கிட்டதான் இருக்கு" என்றார். வந்தவர் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது முழுப் பதிலாகத்தான் பட்டது.

எங்கள் துறைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே பொருத்திவைத்து மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்யலாம் என்று காட்டினார். சிறுநீரகம் முழுவதுமாகச் செயலிழந்தவர் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அவருடைய முதல் நோயாளி 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் மெஷின்கள் சிலவே இருந்தன, தேவைப்பட்டவர்களோ ஏராளம். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அரசு அதிகாரி, ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். வயது, திருமணம், பிள்ளைகள் எத்தனை, வருமானம், சொத்து, படிப்பு, மன உறுதி, இதுவரை செய்தது, இனிமேல் செய்யக்கூடியது என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். 1962இல் பத்திரிகையில் இது வெளிவந்தபோது பெரிய விவாதமே நடந்தது. 1972இல் அமெரிக்க அரசு பெரும்பாலோரின் டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அப்படியொரு குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் என் செட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு மதிப்பெண் போட்டுப் பார்க்கும். வாத்தியார்: வயதாகிவிட்டது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனிமேல் சாதிக்க என்ன இருக்கிறது? தையற்காரம்மா: நம்பியிருக்கும் குடும்பம் இல்லை. டிரைவர்: மன உறுதிக் கட்டத்தில் எத்தனை போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேருமே தேறமாட்டார்கள். ஆனால் ஒருவர் சண்டைக்கு வரவில்லை என்பதை வைத்தே பி.பி. இறங்கியதைக் கண்டுபிடிக்கும் திறமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இன்னும் பழையது. வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போரின் நடுவில், நாஜிக்கள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், 1943இல் நடைமுறைக்கு ஏற்ற முதல் டயாலிசிஸ் மெஷினைச் செய்தார். ரத்தத்தை வடிகட்டும் செயற்கைச் சவ்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது இறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழல். ஆரம்பத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945இல் முதன்முறையாக ஒருவர் நினைவு திரும்பி எழுந்தார். 67 வயதுப் பெண். நாஜிக்களோடு ஒத்துழைத்ததற்காகச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். ஊரில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அவருக்கு ஓர் ஓட்டு விழுந்திருக்காது. கோல்ஃப் அதையெல்லாம் பார்க்கவில்லை. அந்தப் பெண் அதன் பிறகு சில ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நான் தினமும் ஓட்டுகிற மெஷினின் வம்சாவளி அங்கிருந்து தொடங்குகிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஒருநாள் புதன்கிழமை டிரைவர் வரவில்லை. ஒரு தடவை தவறினாலே பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால் உடனே போன் செய்வோம். எடுக்கவில்லை. வாத்தியார் தன் போனை எடுத்து, ஊசி இல்லாத கையால் தட்டுத்தடுமாறி அழைத்தார். வாத்தியாரின் அழைப்பை டிரைவர் எடுத்துவிட்டார். லாரி ஓட்ட முடியாமல் போனதில் இருந்து டிரைவருக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது பெரிய பாரம். இனிமேல் வரப்போவதில்லை, போதும் என்றிருக்கிறார். நம்பிக்கைப் பேச்சு பேசுகிறவர்கள் அவ்வப்போது எங்கள் பிரிவுக்கும் வருவதுண்டு, பேசுவார்கள், கைதட்டச் சொல்வார்கள் (ஒரு கையில் ஊசி இருக்கும்போது எப்படிக் கைதட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை). வாத்தியார் அந்த மாதிரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "யோவ், நீ வராட்டி அந்தப் படுக்கையில வேற யாரையாவது போடுவாங்க. நான் என்ன படிச்சாலும் அவன் ஆமாம் ஆமாம்னு சொன்னா என் கதி என்ன ஆகுறது?" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் காலை செவ்வாய்–வியாழன் செட்டோடு டிரைவர் வந்து படுத்தார். என்னிடம், "அந்தாளு தொல்லை தாங்கலை" என்றார்.

எல்லோரும் இப்படித் திரும்பி வந்துவிடுவதில்லை. சில திங்கட்கிழமைகளில் படுக்கை காலியாக இருக்கும், நாங்கள் எதுவும் அறிவிக்க மாட்டோம். சுற்றியிருப்பவர்களும் உடனே கேட்க மாட்டார்கள். கனெக்ட் பண்ணி முடித்த பிறகு யாராவது ஒருவர், "ஞாயித்துக்கிழமையா?" என்று மட்டும் கேட்பார். தலையசைப்போம். அன்றைக்குப் பேச்சு கொஞ்சம் குறையும். புதனன்று அந்தப் படுக்கைக்குப் புதிதாக ஒருவர் வருவார், பயந்துபோய், ரத்தம் ஓடும் குழாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு. போன தடவை வந்த இளம்பெண்ணுக்கு நான் விளக்கியது எதுவும் காதில் ஏறவில்லை. தையற்காரம்மா தன் கையை நீட்டி, புடைத்த நரம்பைக் காட்டி, "தொட்டுப் பாரும்மா, கடிக்காது" என்றார். அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் தன் கையை நீட்டினாள்.

டிரைவருக்கு மனைவியின் சிறுநீரகம் பொருந்தியது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறிய பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பழைய நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நின்றார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உடம்பு அதை ஒதுக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுவார்கள், தொற்று எளிதில் பிடிக்கும். வார்டுக்குள் வந்து உட்காரக் கூடாது என்று சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாத்தியாரும் உள்ளேயிருந்து, "கிட்னி கிடைச்சவனுக்கு இங்க என்னய்யா வேலை, போ" என்று விரட்டினார்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி காலையில் வாத்தியாருக்குப் போன் வந்துவிடுகிறது. ஒரு கையில் ஊசி இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சுமேல் வைத்துக்கொள்கிறார். இவர் செய்தி வாசிக்க, அவர் அங்கிருந்து மறுக்க, நான்கு மணி நேரத்தில் பாதி இதிலேயே ஓடுகிறது. டிரைவரின் பழைய படுக்கைக்கு வந்திருப்பவர் தூங்க முடியவில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். நியாயமான புகார்தான். ஹெட்ஃபோன் வாங்கித் தருகிறேன் என்றேன். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மட்டும் கேட்டால், டிரைவர் சொல்வது தப்பு என்று யார் சாட்சி சொல்வது என்கிறார்.