நத்தாருக்குப் புதுப் பாட்டு

நத்தார் ஆராதனையில் முதன்முதலாகப் பாடவிருக்கும் பாட்டு தயார். பெண்களுக்குச் சோப்ரானோ (உயர்ந்த குரல்), ஆல்டோ (தாழ்ந்த குரல்), ஆண்களுக்கு ஒரே குரல். தோட்டப்புறக் குழுக்களில் ஆண்கள் குறைவு. அவர்களையும் டெனர் (உயர்ந்தது), பேஸ் (தாழ்ந்தது) என்று பிரித்தால் இரண்டுமே மெலிந்துவிடும்.

வாத்தியமில்லாமல் பாடும்போது சுருதி இறங்கினால் நுவரெலியாக் குளிரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மூச்சு தளர்கிறது, மேஜர் ஸ்வர வரிசையின் மூன்றாம் ஸ்வரம் தாழ்கிறது. அங்கெல்லாம் பென்சிலால் மேல்நோக்கி அம்பு போடுங்கள். எஃப் மேஜரில் சுருதி நிற்கவில்லையா? அரை ஸ்வரம் ஏற்றி எஃப் ஷார்ப்பில் தொடங்கிப் பாருங்கள், பல குழுக்களுக்கு அது நிற்கும்.

குழாய் ஓர்கன் உள்ள ஆலயங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 3 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) சுருதி குறையும். 10 பாகைக்கு 30, காதுக்கு நன்றாகவே தெரியும். மின் கீபோர்ட் அப்படிக் குறையாது. தயவுசெய்து இரண்டையும் சேர்த்து வாசிக்காதீர்கள்.