முடக்குவாதம் இருந்தால் லேசிக் பண்ணலாமா?

கல்யாணம் நிச்சயமானதும் கண்ணாடியைக் கழற்ற லேசிக் எனும் லேசர் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறவர்கள் பலர், முடக்குவாத மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் சொல்வதில்லை. மூட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தமுங்க என்ற நினைப்புதான்.

லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை அறுத்து மூடிபோலத் திறப்பார்கள். அப்போது நுண்நரம்புகள் அறுபட்டு, கண்ணீர் சுரக்கத் தூண்டும் உணர்ச்சி குறையும். நோயில்லாதவருக்கே சில மாதம் கண் வறளும். முடக்குவாதம் போலவே எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் ஷோகிரன் நோயில் கண்ணீர்ச் சுரப்பியே பழுது. அவர்கள் லேசிக்கை மறந்துவிடுவது நல்லது. முடக்குவாதமோ அதே வகை நோயான லூபஸோ உள்ளவர்களுக்குப் புண் ஆறாமல் கருவிழி கரைந்து மெலியும் ஆபத்தும் உண்டு. அரிதுதான், ஆனால் பார்வையே போகலாம். சரியாக ஆறாமல் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரிக்கிறது.

நோய் பல மாதங்களாக அடங்கியிருந்து, கண்ணும் ஈரமாக இருந்தால் சில டாக்டர்கள் லேசிக் செய்வதைப் பரிசீலிப்பார்கள். அதற்கு வாத நோய் டாக்டரின் கடிதம் வேண்டும். ஷிர்மர் சோதனையும் கேளுங்கள்: கீழ் இமைக்குள் காகிதப் பட்டையை 5 நிமிடம் வைப்பார்கள். ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் கடும் வறட்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலோ திருப்பூர்ப் பஞ்சுத் தூசியிலோ வேலை என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் வெட்டு சிறிது, வறட்சி குறைவு. புண் ஆறுவதில் உள்ள சிக்கல் அப்படியேதான். ஆபரேஷனுக்காக, முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் கிளம்பிவிடும். இதே நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனையும் தனியாகத் தேவை.